நொதி இருந்தது

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஜி புரதம் பற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி இரண்டு பக்கம் வேண்டும் என்று பத்திரிகை நண்பர் ஒருவர் கேட்டார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். 'செல்லின் சவ்வு என்பது ஒரு கோட்டைச் சுவர், அதன் வாயிலில்' என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்தினேன். எழுதுகிற எனக்கே கொட்டாவி வந்தது.

விஷயம் இவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் ஒரு வகை ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதில்லை. சவ்வில் இருக்கும் ஏற்பியைத் தொட்டுவிட்டு வெளியிலேயே நின்றுகொள்கிறது. வேலையைச் செய்யும் நொதி உள்பக்கம் இருக்கிறது. ஏற்பிக்கும் நொதிக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. இடையில் ஓடுவது ஜி புரதம். ஏற்பி அசைந்ததும் இது விழித்துக்கொள்ளும், நொதியைப் போய்த் தட்டி எழுப்பும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும்.

இதை எழுதியபோது ஓர் அண்ணி ஞாபகத்துக்கு வந்தாள்.* கட்டுரை அத்தோடு போயிற்று.

* யார் வீட்டு அண்ணி என்று துருவ வேண்டாம். எனக்கு அண்ணனே கிடையாது.

2

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் ஆசிரியை ஒருத்தி. அவளுடைய ஒரே அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் பேசிக்கொள்வதில்லை. (முதலில் ஒரு சொத்துத் தகராறு வைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன்.) சண்டையெல்லாம் இல்லை. சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் நடுவில் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் அண்ணி வழியாக நடந்தது. "காய்ச்சல் விடவே மாட்டேங்குது அண்ணி" என்று ஆசிரியை போனில் சொல்வாள். சாயங்காலம், கிரீஸ் கறை போகாத கையோடு அண்ணன் வாசலில் நிற்பான். மாத்திரை, ரொட்டி, ஆரஞ்சு. ஒழுகும் குழாயைச் சரிசெய்வான். ஜன்னல் கொக்கியை மாட்டுவான். "வரேன்" என்பதைக்கூடக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான்.

அண்ணிதான் பிடித்துத் தள்ளி அனுப்புகிறாள் என்று ஆசிரியை நம்பினாள். "அண்ணி மட்டும் இல்லன்னா இவன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

3

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒத்துவரவில்லை. அண்ணி பிரிந்து வேறு ஊருக்குப் போனாள். [இங்கே காரணங்கள் இருந்தன. அவர்கள் இருவரும்

வேண்டாம், அது அவர்கள் பாடு.]

பிறகு ஆசிரியைக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. பழக்கதோஷத்தில் அண்ணிக்கு மட்டும் போன் செய்து சொன்னாள். அப்புறம் மருத்துவமனைக் கட்டிலில் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அண்ணன் வரவில்லை.

வெகுநாள் கழித்து, யார் வாயிலாகவோ கேள்விப்பட்டு, அவள் வீட்டு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"யாரும் சொல்லலையே."

அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "அண்ணியோட எல்லாம் போச்சு. இனிமே நீ யாரு எனக்கு?"

அவன் கையிலிருந்த பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுத் திரும்பினான். லிஃப்ட் இருந்தும் படியில் இறங்கினான். (கொஞ்சம் ஜோடனைதான். இருக்கட்டும்.)

4

அவள் வருஷா வருஷம் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. ஒரு வகைச் செல்லில் ஏற்பி இருந்தது, ஆனால் ஹார்மோன் கொடுத்தால் எந்த வேலையும் நடக்கவில்லை. நொதியே இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு கட்டினார்கள். நொதி இருந்தது. இடையில் ஓடும் புரதம்தான் இல்லை. வேறு செல்லிலிருந்து எடுத்த புரதத்தைச் சேர்த்ததும் வேலை நடந்தது.

இதை நடத்துகிறவளுக்கா உறைக்கவில்லை என்று கேட்பீர்கள். நடத்துகிற பாடமெல்லாம் நடத்துகிறவர்களுக்கு உறைத்தால் உலகம் எப்போதோ உருப்பட்டிருக்கும். அவளுக்கு அது அண்ணியின் வாயிலிருந்து போனில் வர வேண்டியிருந்தது.

"நீங்க இருந்திருந்தா அவனை விரட்டி அனுப்பியிருப்பீங்க அண்ணி."

"நான் எங்கம்மா விரட்டினேன்? உனக்குக் காய்ச்சலாம்னு சொல்லுவேன். சொல்லி வாய மூடறதுக்குள்ள சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவாரு. ஆரஞ்சு, குழாய், கொக்கி எல்லாம் அவராப் பாத்துச் செஞ்சது."

"அப்ப ஆபரேஷனுக்கு ஏன் வரல?"

"அவருகிட்ட நீயே சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். நான்தான் இப்ப அந்த வீட்ல இல்லையேம்மா."

போனை வைத்துவிட்டு ஆசிரியை அழுதாள். உள்ளே ஒன்றுமே இல்லாதவன் என்று கூடப்பிறந்தவனுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. வாசலில் வைத்துக் கேட்ட அந்த ஒரு கேள்வியைத் திரும்ப விழுங்க வழி தெரியவில்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அவளே போன் செய்கிறாள். "யாரு?" "நான்தான்." "ம்." இதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. இருவரும் பாவம், போனைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

ஆ. அண்ணன் செத்துப்போகிறான். எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்துவிட்டேன்.

இ. அண்ணி தூது போகிறாள். கேட்டுப் பார்த்தேன். "போதும், என்னை விட்டுடுங்க" என்றாள். நியாயம்தான்.

என்னாலும் போக முடியாது. அவனைப் படைத்தவன் நான், என் பேச்சை அவன் எப்படி நம்புவான்? இருவரையும் அறிந்த வெளியாள் இப்போது நீங்கள் ஒருவர்தான்.

ஏதோ ஒரு கட்டடத்தில், நிறுத்திவைத்த லிஃப்டின் கூரைமேல் குந்தியபடி அவன் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறான். மன்னிப்பு, விளக்கம் எதையும் சுமந்துகொண்டு போக வேண்டாம். "உங்க தங்கச்சி உங்களைத் தேடறாங்க" என்றால் போதும். மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

கொஞ்சம் சீக்கிரம் போங்கள். இந்தப் பக்கத்தைப் புரட்டிய சற்று நேரத்தில் இவர்களை மறந்துவிடுவீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.