ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

அன்று காலை பட்டாபிராம் வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். "டூட்டிக்குப் போறியா, டூருக்குப் போறியா?" என்று கிண்டலடித்தார் என் கணவர் கிருபாகரன். அவருக்கு என்ன தெரியும்! ஒன்பது வருடமாக நர்ஸ் நான். டூட்டியில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

குமணன்சாவடியில் எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் ஊழியர்களுக்கென்று கழிப்பறை கிடையாது. மூன்று மாடி இறங்கி நோயாளிகளோடு வரிசையில் நிற்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. அடக்கி அடக்கி இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து, என் வார்டிலேயே நான் படுத்தேன். "இன்னொரு தடவை வந்தா கிட்னியையே பாதிக்கும். நிறைய தண்ணி குடிங்க" என்று டாக்டர் திட்டினார். ஆஸ்பத்திரிக்காகக் கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்துக்குப் போனதும் குடிக்கிறேன் என்றேன்.

அந்த நாள் வந்தேவிட்டது! நோயாளிகளைப் பழைய கட்டடத்திலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கியபடியே பாதி பாட்டிலைக் காலி செய்தேன். அடேயப்பா, வார்டில்தான் எத்தனை ஜன்னல்! பதினொரு மணிக்கு இரண்டாம் மாடிக்கு ஓடினேன். 'ஊழியர் ஓய்வுப் பகுதி' என்று பளபளவென்று பலகை. எங்களுக்கான கழிப்பறையும் அதற்குள்ளேதான். கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பக்கத்தில் மேனேஜர் சண்முகசுந்தரம்.

"நாலு மணிக்கு சேர்மன் மேடம் வந்து திறப்பாங்க. அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது."

"சார், அவசரம்."

"கீழ பேஷண்ட்ஸ் டாய்லெட் இருக்கு இல்ல?"

கீழே போனேன். அதே வரிசை. எனக்கு வந்ததே கோபம்! திரும்ப மேலே வந்தபோது மேனேஜர் இல்லை. ஆயா பார்வதம் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன்.

"நமக்கோசரம் கட்னதுதானே? வெட்டு சிஸ்டர்!"

கட்டுத்துணி வெட்டும் கத்தரி என் பாக்கெட்டிலேயே இருந்தது. ஒரே வெட்டு.

உள்ளே வெள்ளை ஓடு, குழாயில் தண்ணீர், கதவில் தாழ்ப்பாள். வெளியே வருவதற்கு முன் அந்தத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன். வெளியே வந்தால் எட்டு நர்ஸுகள் நின்றுகொண்டிருந்தார்கள்! ஒருத்தி வார்டை இன்னொருத்தி பார்த்துக்கொள்ள, எல்லாரும் போய் வந்தோம். பிறகு ரிப்பனை பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம்.

நாலு மணிக்கு சேர்மன் மேடம் கத்தரியை வைப்பதற்குள் பிளாஸ்திரி விட்டு ரிப்பன் தானாக விழுந்தது.

"யார் பண்ண வேலை இது?" மேனேஜர் கத்தினார்.

வேலை போய்விடுமோ என்று பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்தான் மேடம். ஒன்பது வருஷமா டூட்டியில தண்ணியே குடிச்சதில்ல. பழைய பில்டிங்ல எங்களுக்கு டாய்லெட் இல்ல. இன்னைக்குத்தான் குடிச்சேன். நாலு மணி வரைக்கும் தாங்கல."

மேடம் மேனேஜரைப் பார்த்தார். "இல்லவே இல்லையா?"

மேனேஜர் குனிந்து, விழுந்து கிடந்த ரிப்பனைச் சுருட்ட ஆரம்பித்தார். மேடம் கத்தரியைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"திறக்க வேண்டியவங்கதான் திறந்திருக்காங்க. வாங்க, அடுத்ததைப் பார்ப்போம்."

பார்வதம் என் பாட்டிலை நீட்டினார். "மிச்சத்தையும் குடி சிஸ்டர்."

மேனேஜர் பார்க்கப் பார்க்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.