லில்லியின் மூன்றாம் ஓலை

செத்துப்போன புருஷன் பேசினால் கேட்கத்தானே வேண்டும்? உயிரோடு இருந்தபோது குப்புசாமி பேசியதை லில்லி அவ்வளவாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அந்தக் குறுகுறுப்பும் சேர்ந்துகொண்டது.

குப்புசாமி காமாலையில் போய் ஐந்து வருஷம். லில்லிக்கு முப்பத்திரண்டு வயது. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் பாவு இணைப்பது அவள் வேலை. தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் தீர்ந்ததும், அதன் நுனியோடு புதுப்பாவை, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒன்று தப்பினால் அதற்கப்புறம் உள்ளது எல்லாம் இடம் மாறிவிடும்.

சைக்கிள் கடை தாவீதும் மனைவியை இழந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு வாசலில், சங்கிலிக்கு எண்ணெய் விடுகிற நிதானத்தோடு, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டான். மரியாதைக்காக ஒரு வாரம் யோசிப்பது என்று லில்லி தீர்மானித்தாள். புதன்கிழமைக்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை; சரி என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் கொழுந்தன் யேசுதாஸ் காதுக்குப் போயிற்று. அவன் சண்டை போடவில்லை. அண்ணனையே கேட்டுவிடலாம் என்று சொல்லி அவளை முசரவாக்கத்துக்கு அழைத்துப்போனான். அங்கே தில்லையம்மாள் என்று ஒருத்தி, ஜெபம் செய்து செத்தவர்களைப் பேசவைப்பவள். சுவரில் சிலுவை, பக்கத்தில் எண்ணெய்ப் புட்டி. கண்ணை மூடி ஆடினாள், தொண்டை கட்டையாயிற்று.

"வாணாம் கோழி. அவன் வாணாம்."

யேசுதாஸ் தேம்பி அழுதான். லில்லி பாயைவிட்டு எழுந்தேவிட்டாள். இழைமேல் குனிந்து கொத்துகிறாள் என்று குப்புசாமி அவளுக்கு வைத்த பெயர் கோழி. அது அவர்கள் வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும்.

மூன்று நாள் அவள் விரலில் இழை நிற்கவில்லை. நாலாம் நாள் வேதத்தையே கேட்டுவிடுவோம் என்று கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தாள். வௌவாலைத் தின்னாதே என்று வந்தது. தாவீதுக்கும் வௌவாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள். மறுபடி விரலை வைத்தாள். யாரோ யாரையோ பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று ஓடிற்று.

அப்போதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எவளாவது பாவு இணைப்பாளா? ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல் வரவேண்டும். ஆதியாகமம் முதல் வசனத்தில் தொடங்கினாள். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த எழுத்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அரைமணி நேரம்.

தாவீது அவ்வப்போது வந்து விசாரிப்பான்.

"எங்க இருக்குது இப்போ?"

"லேவியராகமம். ஆடு வெட்டிக்கினே இருக்காங்க."

அவன் பெருமூச்சு விட்டு, கோணல் சக்கரம் நிமிர்த்தப் போய்விடுவான். ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. தை மாதக் கடைசியில் அவள் ரோமருக்கு எழுதின கடிதத்தை எட்டினாள். ஏழாம் அதிகாரத்தை இரண்டு தரம் படித்தாள். அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போய், போதகரிடம் கலியாண ஓலை கொடுக்கச் சொன்னாள்.

தபசு நாளில் கலியாணம் கிடையாது. ஈஸ்டர் கழிந்து மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று சபையில் ஓலை வாசித்தார்கள். முதல் இரண்டு ஞாயிறும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் ஓலை வாசித்துவிட்டு, ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டதும் யேசுதாஸ் எழுந்து நின்றான்.

"எங்க அண்ணன் வாணாம்னு சொல்லிட்டாருங்க ஐயா."

"உங்க அண்ணனை நான்தானேப்பா அடக்கம் பண்ணேன்" என்றார் போதகர், குழம்பிப்போய்.

யேசுதாஸ் முசரவாக்கத்தில் நடந்ததைச் சொன்னான். கோழி என்று கூப்பிட்டதும் அண்ணி எழுந்தேவிட்டதையும் சொன்னான். போதகர் யோசித்துவிட்டு, இதைப் பெரியவர்கள் கூடிப் பேசலாமா என்று இழுத்தார். விட்டால் ஓலை கிடப்பில் போய்விடும்.

பெண்கள் பக்கத்தில் லில்லி எழுந்தாள். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரேதான் பேசினாருன்னு வெச்சுக்கலாம் ஐயா. பொய்யின்னு நான் சொல்லலை. சவுல் ராஜாவும் செத்தவரை எழுப்பிக் கேட்டாரு. வந்தவரு சொன்னது அப்படியே பலிச்சுது. ஆனா கேட்டதுக்குத்தான் அவருக்கு ஆக்கினைன்னு நாளாகமத்துல எழுதியிருக்குது. செத்தவங்க கிட்ட கேக்காதேன்னு உபாகமத்துல இருக்குது. புருஷன் செத்துட்டா பொண்டாட்டிக்கு விடுதலைன்னு ரோமருக்குப் பவுல் எழுதியிருக்காரு. ஒரு வருஷமா எழுத்து விடாம படிச்சேன். ஆடு, பலிபீடம், கூடாரத்து ஆணி வரைக்கும் படிச்சேன். தாவீதைக் கட்டாதேன்னு எங்கயும் இல்லை. இருந்தா யாராச்சும் எடுத்துக் காட்டுங்க, நான் உக்காந்துக்கிறேன்."

யாரும் எடுக்கவில்லை. நிறைய பேர் லேவியராகமத்தைத் தாண்டினதே இல்லை. போதகர் ஓலையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, ஆட்சேபணை இல்லை என்று சொல்லிப் பாட்டு எண்ணைக் கூப்பிட்டார்.

ஆராதனை முடிந்ததும் யேசுதாஸ் சர்ச்சின் வெளிவாசல் அருகே நின்றிருந்தான். இன்னும் மூன்று அதிகாரத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு லில்லி அவனிடம் போனாள்.

"அண்ணன் குரலு எனக்கு மறந்துக்கினே வருது அண்ணி. அதுக்குத்தான் அங்க போனேன்."

மூன்று அதிகாரத்தையும் லில்லி விழுங்கிவிட்டாள்.

"எனக்கு மறக்கலைபா. திட்டினது, மோருக்குச் சண்டை போட்டது, எல்லாம் இருக்குது. ஞாயித்துக்கிழமை சோத்துக்கு வா, சொல்றேன். தாவீது இருந்தாலும் சொல்வேன். முசரவாக்கம் மட்டும் போவாதே. தூங்கறவரை எழுப்பாதே."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினான். சாலையோரம் தாவீது சைக்கிளோடு நின்றிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் யேசுதாஸ் கேட்டான்.

"கோழின்னா இன்னா அண்ணி?"

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றாள் லில்லி. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.