மிச்சம் வைக்காத கடல்

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. ராணிப்பேட்டை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் ஒருத்தி தோழியிடம், "கடல தோல்னு நெனச்சுட்டேண்டி" என்று சொல்லிச் சிரித்தாள். மீதியை நான் ஜோடித்தேன். வருஷம் 2004 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி: 'அலைகள் ஆர்ப்பரித்துக் கரையை...' சே, கதை நடக்கிற வேலூரில் ஏது அலை? அடித்துவிட்டேன்.

2

ஜெனிஃபா ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். தோலில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் கழிவு கம்மி என்று புரோகிராம் எழுதியவள். ஞாயிறுதோறும் வேலூரில் எம்.சி.ஏ. வகுப்பு. கடைசி வருஷ புராஜெக்ட், கரையோரக் கடலைக் கப்பலுக்கு, வலைக்கு, இறால் கூண்டுக்கு என்று பங்கு பிரிப்பது.

(குறுக்கே ஒரு குறிப்பு: அவள் புரோகிராம் முதலில் நூறு திட்டங்களைக் கிறுக்கும். மட்டமானதைக் கழிக்கும். தேறியவற்றைக் கலந்து பிள்ளை பெறவைக்கும். பிள்ளைகளிலும் கழிக்கும். இப்படியே தலைமுறை தலைமுறையாக.)

தேறினால் சென்னையில் கடல் ஆய்வு வேலை. தேறாவிட்டால் மறுபடி தோல். அவளுக்குக் கடல்தான் வேண்டும், அப்படியொரு ஆசை.

3

தேர்வு நாளன்று பேராசிரியர் ஆரோக்கியசாமி, மீனவப் பெண்கள் சங்கத்துக் கமலத்தையும் வரவழைத்திருந்தார். (கமலத்தைச் சாந்தமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். அவள் கேட்டால்தானே!)

திரையில் கடல் ஒரு இஞ்ச்கூட வீணாகாமல் கலர் கலராக நிறைந்திருந்தது. ஜெனிஃபாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாருக்கும் எடம் குட்த்துட்ட," என்றாள் கமலம். "மீனு எங்கேம்மா குஞ்சு பொரிக்கும்?"

ஜெனிஃபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அதில் காலி இடத்துக்கெல்லாம் மார்க் குறையும், தோலில் மிஞ்சினால் நஷ்டமாயிற்றே. இடத்தைச் சும்மா விட்ட திட்டங்களைத்தான் அது ஒவ்வொரு தலைமுறையிலும் முதலில் கொன்றிருந்தது.

"தப்பு என்னோடது சார். தோல் புத்தி. மாத்திட்டு வர்றேன்."

"நாலு மணி. அதுக்கு மேல முடியாதும்மா," என்றார் அவர்.

கமலம் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டாள். "இங்க பாறை. மீனு முட்டை வைக்கிற எடம். நாங்களே வலை போடமாட்டோம். எழுதிக்க."

4

முடிவு ஒன்று: ஆரோக்கியசாமி கண்கலங்கி... வேண்டாம், அவர் கலங்குகிற ஆளில்லை.

முடிவு இரண்டு: மூன்றே முக்காலுக்குக் கரண்டு போய்... நான் அவ்வளவு பாவியா?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீன் முட்டை வைக்கிற இடத்தைக் காலியாக விட்டால் மார்க் கூடும் என்று மாற்றி, ஜெனிஃபா புரோகிராமை மறுபடி ஓட்டினாள். நாற்பதாவது தலைமுறையில், பாறையைச் சுற்றி யாருக்கும் கொடுக்காத ஓர் இடம் முளைத்தது. நாற்பத்தொன்றில் அது சாகவில்லை. ஐம்பதில் இன்னும் பெரிதானது. "அப்டியே வுடும்மா, யாரும் தொடாதீங்க," என்று கமலம் கத்தியே விட்டாள். ஜெனிஃபா அழுதுகொண்டே சிரித்தாள்.

மணி நாலு. ஆரோக்கியசாமி பேனாவைத் திறந்துவிட்டார். மார்க் போடும் கட்டத்தை நான் நிரப்பப் போவதில்லை, நீங்களே போடுங்கள். பார்த்துப் போடுங்கள், அந்தப் பெண் மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை.