மூன்றாவது தட்டுக்குப் பிறகு

வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு விதி உண்டு. கதவை மூன்று முறை தட்ட வேண்டும். ஆளைப் பார்த்தால் கதவில் சாக்பீஸால் வட்டம். வீடு பூட்டியிருந்தால் பெருக்கல் குறி. விதி போட்ட புண்ணியவான் ஒரு நாளாவது அறுபது வீட்டுக்குப் படியேறியிருப்பாரா என்று கேட்காதீர்கள்.

அப்படிப் படியேறுகிறவர்களில் ஒருத்திக்கு, கூடப் பணிபுரிகிறவர்கள் வைத்த பெயர் தவக்காரி. மூன்று முறை தட்டிவிட்டு மற்றவர்கள் நடையைக் கட்டிவிடுவார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் தவம் கிடப்பாள். மேற்பார்வையாளர் வாரம் தவறாமல் கடித்துக் குதறுவார். அவள் அடுத்த வாசலிலும் அப்படியேதான் நிற்பாள்.

ஏழு மாதத்துக்கு முன்பு அவளும் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். அவள் போகும் தெரு ஒன்றில் பச்சைக் கதவு வீடு, மூன்றாவது மாடி, எட்டு மாதக் கர்ப்பிணி. மூன்று முறை தட்டினாள். உள்ளே யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் இன்னும் பதினேழு வீடு பாக்கி. பெருக்கல் குறி போட்டுவிட்டு இறங்கிவிட்டாள். அடுத்த நாளே ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள். பதிவேட்டில் 'பூட்டு' என்று இருந்ததால் யாரும் இவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து எந்தக் கதவைத் தட்டினாலும் மூன்றாவது தட்டுக்குப் பிறகு அந்தக் கால்கள் இழுத்துக்கொண்டு வருகின்றன. கதவருகே வந்து நின்றுவிடுகின்றன.  அதனால்தான் எந்த வாசலையும் விட்டு அவள் உடனே நகர்வதில்லை.

ஏழு மாதம் கழித்து, அதே தெருவில் ஒரு நடுப்பகல். பச்சைக் கதவுக்கு நான்கு வீடு தள்ளி, கீழ்த்தளத்தில் புதிதாகக் குடிவந்த வீடு. வெளியே பெரிய பூட்டு தொங்கியது. கூட வந்தவள் தட்டாமலே சாக்பீஸை எடுத்தாள்.

"இரு," என்றாள் தவக்காரி. தட்டினாள். மூன்றாவது தட்டு முடிந்ததும் கால்கள் புறப்பட்டன.

"உள்ள யாரோ நடக்கிறாங்க."

"அக்கா, பூட்டு கண்ணுக்குத் தெரியலையா? வெயில் தலைக்கேறிடுச்சா உங்களுக்கு?"

"நீ வேணா போ. நான் போக மாட்டேன்."

கதவிடுக்கில் வாயை வைத்து, "யாரும்மா உள்ள?" என்று கத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி கத்தினாள். வெகுநேரம் கழித்து, ஆழத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. கூட வந்தவளுக்கும் அது கேட்டது. சாக்பீஸ் கை நழுவி விழுந்தது.

தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் சுத்தியலோடு ஓடிவந்து பூட்டை உடைத்தார். உள்ளறைக் கட்டிலில் நிறைமாதக்காரி ஒருத்தி கிடந்தாள். முகமும் காலும் வீங்கி, கண் மங்கி, இவர்கள் யாரென்றே தெரியாமல் பார்த்தாள். எழுந்து வந்து கதவு திறக்கிற சிரமம் அவளுக்கு வேண்டாம் என்று புருஷன் பாசத்தில் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் அதில் வந்த நர்ஸ்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது தவக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, கதவு வரைக்கும் நடந்து வந்தியேம்மா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நின்னேன்."

"நான் எங்கக்கா நடந்தேன்? காலையிலேருந்து காலைத் தரையில ஊன முடியல."

வண்டி போய்விட்டது.  கூட வந்தவள் அழைத்தது தவக்காரியின் காதில் விழவில்லை. நேராகப் பச்சைக் கதவு வீட்டுக்கு நடந்து மூன்று மாடி ஏறினாள். ஏழு மாதமாக அவள் ஏறாத படிகள். கதவில் அவள் கையால் போட்ட பெருக்கல் குறி அப்படியே இருந்தது. அந்த வீட்டுப் புருஷன், பாவி மனிதன், அதைத் துடைக்கக்கூட இல்லை.

மூன்று முறை தட்டினாள். இந்த முறை கால்கள் இழுக்கவில்லை. சாதாரணச் செருப்புச் சத்தம் வந்தது. செத்தவளின் புருஷன் தாடியோடு கதவைத் திறந்தான்.

"என்னம்மா?"

"அன்னிக்கு இந்தக் கதவு பூட்டியிருக்கல," என்றாள். "உங்க சம்சாரம் கதவைத் திறக்க வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிக்கல."