கலர் சரி

சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவளுக்குக் காசநோய் வந்து, ஆறு மாத மாத்திரையில் குணமாகியிருந்தது. இப்போது பட்டன் வைப்பவளுக்கு வந்திருக்கிறது. பட்டவள் பக்கத்தில் இருந்தால் இவள் பாதியில் விடமாட்டாள் என்று நர்ஸ் காலர்க்காரியைத் துணையாகப் போட்டாள். தினமும் கண்ணெதிரே விழுங்கவைத்து அட்டையில் டிக் போட வேண்டும்.

பட்டன்காரியின் இரண்டு வயது மகள் நாத்தனார் வீட்டில் இருந்தாள். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்றிருந்தாள் நாத்தனார்.

இடைவேளை பத்தே நிமிடம். காலர்க்காரி ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தாள். மாத்திரைகளை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். சிவப்புக் கேப்சூல் உள்ளே போனால் மூத்திரம் ஆரஞ்சாகப் போகும். பட்டன்காரி கக்கூஸில் தண்ணீர் ஊற்றாமல் வருவாள். காலர்க்காரி எட்டிப் பார்த்து, "கலர் சரி" என்று டிக் போடுவாள்.

மாத்திரை தொடங்கியதிலிருந்து பட்டன்காரிக்கு வாந்தி நிற்கவில்லை. இன்னொரு தடவை துணிமேல் எடுத்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றார் சூப்பர்வைசர். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று பட்டன்காரி அழுதாள்.

"நிறுத்திக்கோடி. உன் புருஷன் இன்னொருத்தியக் கூட்டிட்டு வருவான். உன் பொண்ணுக்கு அவ தலை வாரி விடுவா. உன் செருப்பையும் அவளே போட்டுப்பா" என்றாள் காலர்க்காரி.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. ஆரஞ்சு ஒருநாளும் தவறவில்லை. மற்ற நோயாளிகளிடம் நர்ஸ் இவர்களைத்தான் உதாரணம் காட்டினாள். காலர்க்காரிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் மாதம் சளியில் மறுபடி கிருமி. இனி இந்த மருந்துக்கு மசியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டன்காரி காலர்க்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குமட்டவைத்த மாத்திரைகளை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, சிவப்பை மட்டும் விழுங்கியிருக்கிறாள்.

"பாவி. ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கலரத்தானேக்கா கேட்டீங்க."

நர்ஸ் விசாரித்தபோது காலர்க்காரி முந்திக்கொண்டாள். என் எதிரில்தான் போட்டாள், வாயில் அடக்கிக்கொண்டு போய்த் துப்பியிருக்கிறாள் என்றாள். பட்டன்காரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

புது மருந்து ஒன்றரை வருடம். செய்தி கேட்ட நாத்தனார், நல்லதாப் போச்சு, பாப்பா இப்ப என்னைத்தான் அம்மாங்குது என்று சொல்லி போனை வைத்தாள்.

மறுநாள் முதல் காலர்க்காரி முகத்தில் துணி கட்டிக்கொண்டு பட்டன்காரியின் வீட்டு வாசலுக்கே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டன்காரி ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"வாயத் திற. நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டினாள்.

"இன்னும்."