ஓரத்தில் சிதறியவை

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரம் இருந்த ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை ஹெலனுக்கு. அன்று படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஸ்டான்லி வீடுங்களா? செங்கல்பட்டு ஆஸ்பத்திரிலேருந்து டாக்டர் பிரதீபா பேசறேன். ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்கு நாக்குல ஆபரேஷன் நடந்துச்சு இல்லீங்களா?" குரல் சற்றுத் தயங்கியது. "அவர் இருக்காருங்களா?"

"டூட்டிக்குப் போய்க்கீறாரு மேடம்."

"இல்லீங்க... நல்லா இருக்காரான்னு கேட்டேன்."

"நல்லா கீறாரு. பஸ் ஓட்டினுகீறாரு."

"அப்படியா. ரொம்ப சந்தோஷங்க." உண்மையான சந்தோஷம் அது. எதிர்பார்க்காத நல்ல செய்தியைக் கேட்டவர்களின் குரல். ஒருமுறை செக்கப்புக்கு அழைத்து வரச் சொல்லிவிட்டு டாக்டர் போனை வைத்தாள்.

தன் புருஷன் உயிரோடு இருப்பதில் ஒரு டாக்டருக்கு என்ன இத்தனை ஆச்சரியம்? ஹெலனுக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

ஸ்டான்லி கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் கான்ட்ராக்ட் டிரைவர். விடியற்காலை ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலை வைக்கப் பழகியவன். நாக்கின் பக்கவாட்டில் வந்த புண் ஆறவே இல்லை. நாக்கில் ஒரு பகுதியை வெட்டினார்கள். கழுத்தையும் திறந்து நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். வெட்டிய ஓரம் சுத்தம், நெறிக்கட்டியிலும் ஒன்றுமில்லை, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டாம் என்று ரிசல்ட் வந்தபோது பூஞ்சேரி சர்ச்சில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். அன்றோடு ஹான்ஸை விட்டான். பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் ஸ்டீயரிங் பிடிக்கப் பேச்சு எதற்கு? சில மாதங்கள் செக்கப்புக்குப் போனான். லீவு போட்டால் வண்டியை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பிறகு நிறுத்திவிட்டான்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தான்.

"காது வலிக்குதுடி. கொஞ்ச நாளாவே."

"இன்னாய்யா, சொல்லவே இல்ல?"

"பஸ்ல காத்து மூஞ்சில அடிக்குதுல்ல. அதனாலன்னு நெனச்சேன்."

அவள் அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். தழும்புக்கு மேலே, தாடைக்கு அடியில், கல்லைப் போல் ஒன்று தட்டுப்பட்டது. நகரவில்லை.

ஸ்கேனைப் பார்த்த பெரிய டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, இனி வெட்ட முடியாது, கரண்டும் ஊசி மருந்தும் கொடுத்தால் கொஞ்ச காலம் கிடைக்கலாம் என்றார்.

ஸ்டான்லியை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஹெலன் பிரதீபாவைத் தேடிப் போனாள். மேலே, திசு பார்க்கும் அறையில் இருந்தாள். சின்ன வயது டாக்டர்.

"அவரு உயிரோட கீறாருன்னதும் அம்மாம் சந்தோஷப்பட்டீங்களே மேடம். ஏன்?"

பிரதீபா ஸ்டான்லியின் திசு வைத்த ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஹெலனைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். ஊதாவும் ரோஸும் தெரிந்தன.

"கும்பலா அடர்த்தியா இருக்குல்ல, அது கட்டி. அதோட ஓரத்தப் பாருங்க. கும்பல்லேருந்து பிரிஞ்சு தனியாவும், ரெண்டு மூணு சேர்ந்தும் சிதறிக் கிடக்குதா?"

"ஆமா. நெறைய கீது."

"அப்படி நெறைய சிதறியிருந்தா திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அதத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன். பழைய சில்லையெல்லாம் எடுத்து எண்ணிப் பாத்து, அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு கேக்கறேன்."

"இது இப்ப எடுத்ததா?"

"இல்லீங்க. ஆபரேஷன் அன்னைக்கு எடுத்தது."

ஹெலன் நிமிர்ந்தாள். "அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரும் பாக்கலியா?"

"பாத்திருப்பாங்க. ஆனா இத எண்ணி எழுதற வழக்கம் அப்ப இங்க இல்ல. ஓரம் சுத்தமா, நெறிக்கட்டி சுத்தமான்னுதான் பாத்தாங்க. அது சரியாத்தான் இருந்துச்சு."

"எண்ணியிருந்தா?"

"ஒருவேளை கரண்ட் வெச்சிருப்பாங்க."

"பொழச்சிருப்பாரா?"

"தெரியலங்க." பிரதீபாவின் கண்கள் கலங்கியிருந்தன. "பொய் சொல்ல மனசு வரல. தெரியல."

கரண்ட் வைத்தார்கள். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. கட்டி கொஞ்சம் சுருங்கி, மறுபடி வேகமாக வளர்ந்தது. மூக்கில் டியூப் போட்டார்கள். ஸ்டான்லி மெலிந்து கட்டிலோடு கிடந்தான். வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரே புலம்பல்தான்.

"ஒழுங்கா செக்கப் போயிருக்கணும்டி. நானே கெடுத்துக்கினேன். உன்னையும் பசங்களையும் தெருவுல வுட்டுட்டேன்."

தினமும் இதையே கேட்டுக் கேட்டு ஹெலனுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாரத்தையாவது இறக்கி வைக்கலாம் என்று நினைத்தாள். ஒரு மத்தியானம் டியூபில் கஞ்சி ஊற்றி முடித்துவிட்டு, சில்லில் பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

"உன்மேல தப்பு இல்லய்யா. வெட்டுன அன்னிக்கே அது அங்க இருந்துச்சு."

அந்தக் குழறலிலும் அவன் தெளிவாகக் கேட்டான்.

"அத எதுக்கு எங்கிட்ட சொன்ன?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என் தப்புன்னு இருந்தப்போ, ஒழுங்கா செக்கப் போயிருந்தா பொழச்சிருப்பேன்னு ஒரு நெனப்பாவது இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் பிறகு அவளிடம் அதிகம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவான். அவள் மன்னிப்புக் கேட்டாள். பாஸ்டரைக் கூட்டி வந்தாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினான். அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் கழுத்தில் ரத்தம் பீறிட்டது. வேட்டியைச் சுருட்டி இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த இரவு சில்லு விஷயத்தை ஹெலனிடம் கேட்டு ஸ்டான்லியின் அண்ணன் பெஞ்சமின் கொதித்தான். "அப்பவே தெரிஞ்சுக்கினு சும்மா வுட்டுக்கீறானுங்க. கேஸ் போடணும்."

"யார் மேல மாமா போடறது?" என்றாள் ஹெலன். "அத எண்ணணும்னு யாருக்கும் தெரியல. அதான் நடந்துச்சு."

அவன் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து உள்ளே போய்க் காலியான கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஸ்டான்லியிடம் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கடைசி நாட்களில் தன்னோடு பேசியிருப்பான். வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.