லிட்டருக்கு ஒன்பது

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. கார் சர்வீஸ் சென்டர் ஒன்றின் காத்திருக்கும் கூடத்தில், அங்கே கொடுக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. எனக்குக் கார் கிடையாது. அக்ரஹாரத்தில் குடியிருப்பவனுக்குக் கார் எதற்கு? கோவில், காய்கறி, மருந்துக் கடை எல்லாம் கூப்பிடு தூரம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை சர்வீஸுக்கு விடப் போனார். "வரேளா, பேச்சுத் துணைக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டேன்.

அங்கே ஒரு பெண், நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும், கவுண்டரில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் வேகமாக்கூட ஓட்டறதில்லையே. அப்புறம் ஏன் ஒன்பதுதான் குடுக்கறது?"

அவ்வளவுதான் நிஜம். சின்ன ஆட்டோமேட்டிக் கார், லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆனால் அந்தக் குரலில் பெட்ரோல் கவலை மட்டும் இருந்ததாக எனக்குப் படவில்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. அவளுக்கு ஸுஷ்மா என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: "சாமுண்டி மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில் ஸுஷ்மா தன் சிறிய வெள்ளைக் காரை—"

வேண்டாம். மைசூரைப் பற்றி எழுத வந்தவனெல்லாம் மலையிலிருந்துதான் இறங்கி வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

இரண்டாவது: "கணவனை இழந்து இரண்டு வருஷமாகியிருந்த ஸுஷ்மா—"

இதையும் அடித்துவிட்டேன். விதவை என்று எழுதினால் நீங்கள் உடனே உச்சுக்கொட்டுவீர்கள். அது அவளுக்குப் பிடிக்காது. அவள் விவாகரத்து ஆனவள். அந்த மனிதர் திடகாத்திரமாக வேறெங்கோ இருக்கிறார். அவருக்கு இந்தக் கதையில் இடமில்லை.

மூன்றாவது, இருந்துவிட்டுப் போகட்டும்: "தினமும் சாயங்காலம் வாசுதேவ் பெங்களூரிலிருந்து தங்கையைக் கூப்பிட்டு, வண்டி இன்றைக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்பான்."

3

வாசுதேவ் ஸுஷ்மாவின் அண்ணன். நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் அவன் பேசுவதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

"எவ்வளவு குடுத்தது இன்னிக்கு?"

"ஒன்பது புள்ளி ரெண்டு."

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? ஆட்டோமேட்டிக் எதுக்குடி உனக்கு? கியர் வண்டி வாங்கியிருந்தா கண்ணை மூடிண்டு பதினெட்டு குடுத்திருக்கும்."

"வாங்கியாச்சு, விடேன்."

"சும்னே சொல்லலை கணே. டயர்ல காத்து பாத்தியோ?"

"பாத்தேண்ணா."

"சரி, வெச்சுடறேன்."

இவ்வளவுதான் பேச்சு, நடுநடுவே கொஞ்சம் கன்னடம் கலந்து: 'சும்னே' என்றால் சும்மா, 'கணே' என்றால் 'அடி'. ஆனால் நாள் முழுவதும் அவளுக்கு வருகிற சொந்த அழைப்பு இது ஒன்றுதான். விவாகரத்துக்குப் பிறகு உறவுக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கோபமெல்லாம் இல்லை. என்ன கேட்பதென்று தெரியவில்லை, பாவம். "ஆத்துக்காரர் சௌக்கியமா?" என்று இனிமேல் கேட்க முடியாது. "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டு, அவள் அழுதுவிட்டால் என்ன செய்வது? வாசுதேவுக்கும் அதே பயம். அவனும் மாதக்கணக்கில் கூப்பிடாமல்தான் இருந்தான். அப்புறம் அவள் இந்தக் காரை வாங்கினாள். அது கண்டபடி பெட்ரோல் குடித்தது. அண்ணனுக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது.

(இந்தப் பத்தியைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தால் கதை இன்னும் எடுபட்டிருக்கும் என்று யாராவது சொல்லலாம். ஒளித்து வைத்து விளையாட எனக்குப் பொறுமை இல்லை.)

கார் விஷயத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாப்பிள்ளை பெரியவர்கள் பார்த்தது. ஃபிளாட் அண்ணன் பார்த்தது. இந்த வண்டி ஒன்றைத்தான் அவளே போய், அவளே ஓட்டிப் பார்த்து, நிறமும் அவளே சொல்லி வாங்கினாள். அது தப்பான வண்டி என்று ஆகிவிட்டால், தானாக எடுத்த ஒரே முடிவும் தப்பு என்று ஆகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது.

4

ஸுஷ்மாவுக்கு மைசூரிலேயே, ஹெப்பாளில் மென்பொருள் கம்பெனியில் வேலை. அங்கே அவள் டெஸ்டிங் பிரிவு. மற்றவர்கள் எழுதியதில் தப்பு எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தத் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு: ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். நாலையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

அதே ஒழுங்கோடு காரைச் சோதித்தாள். ஒரு வாரம் ஏ.சி. போடாமல், வியர்க்க விறுவிறுக்க ஓட்டினாள். ஒரு வாரம் வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டாள். ஏர் ஃபில்டரை மாற்றினாள். ஒன்பதை விட்டு வண்டி அசையவில்லை. கடைசியில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள். அங்கே கவுண்டரில் இருந்த முனிராஜ், தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கிற கௌதள்ளிக்காரன். தமிழ் பேசுகிற வாடிக்கையாளர் வந்தால் அவனுக்குக் கொஞ்சம் உற்சாகம்.

"வண்டில ஒரு குத்தமும் இல்லீங் மேடம். ஸ்கேன் போட்டுப் பாத்தாச்சுங்க. எல்லாம் ஓட்டறவங்க கையிலதானுங்க இருக்குது."

"நான் வேகமாக்கூட ஓட்டறதில்லையே. அப்புறம் ஏன் ஒன்பதுதான் குடுக்கறது?"

"மெதுவா ஓட்டுனாலும் குடிக்குமுங்க, வேகமா ஓட்டுனாலும் குடிக்குமுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முனிராஜ் அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிட்டான்.

இந்த இடத்தில் நான் ஒரு சாமர்த்தியம் செய்யப் பார்த்தேன். அவள் டிக்கியில் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு அட்டைப்பெட்டிகளையும் ஒரு கிரைண்டரையும் வைத்தேன். இன்னும் இறக்கவே இல்லை என்று எழுதினேன். "கழிந்துபோன வாழ்க்கையின் பாரம்தான் அந்தப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது" என்று ஒரு வரி போட்டேன். போட்டதும் எழுந்து நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸுஷ்மா டிக்கியைக் காலி செய்து ஒரு வாரம் ஓட்டினாள். ஒன்பது புள்ளி மூன்று.

வரியை அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். அவள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்து அழுகிறாள், அதனால்தான் பெட்ரோல்— அட, போங்கள்! அழ வேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே தாராளமாக அழலாமே. கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

5

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். வண்டியோடு ஒரு தடிப் புத்தகம் கொடுப்பார்கள் அல்லவா, அதைப் பிரித்துப் படித்தாள்.*

டேஷ்போர்டில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரியும். வண்டி ஓடுகிறது என்பதற்கு அடையாளம் என்று நினைத்திருந்தாள். அவள் ஓட்டுகிறபோதெல்லாம் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. புத்தகம் சொன்னது வேறு: இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதற்கு அந்த விளக்கு. சூடேறினால் தானே அணைந்துவிடும். சூடேறும்வரை வண்டி அதிகப்படி பெட்ரோல் குடிக்கும்.

அவள் அது அணைந்து பார்த்ததே இல்லை. வீட்டுக்கும் ஆபீசுக்கும் அத்தனை பக்கம். கம்பெனி பஸ்கூட அவள் வீட்டருகே நிற்காது, இவ்வளவு கிட்டத்தில் இருப்பவர்களுக்கு பஸ் எதற்கு என்று. சாயங்காலம் திரும்பிவந்து, பால் வாங்க ஒரு முறை காரை எடுப்பாள். வந்து வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துத் தயிருக்கு ஒரு முறை. அப்புறம் வாழைப்பழத்துக்கு. எல்லாம் ஒரே தெருதான்.

ஒரே நடையில் வாங்கி வந்தால் என்ன? வாங்கலாம். வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு வீட்டில் இருக்க வேண்டுமே. அவளால் அந்த வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு சாயங்காலம் இருக்க முடியவில்லை. தனியாக இருந்தாள். ரொம்பத் தனியாக இருந்தாள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

(நடந்து போகலாமே என்பீர்கள். நடந்து போனால், பாவம் தனியாகப் போகிறாள் என்று பார்ப்பார்கள். காரில் போனால் ஏதோ வேலையாகப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.)

* இந்த நாட்டில் அந்தப் புத்தகத்தைப் படித்த முதல் ஆள் ஸுஷ்மாவாகத்தான் இருக்க வேண்டும். என் பக்கத்து வீட்டுக்காரர் அதை முருங்கைக்காய் வெட்ட அடியில் வைத்துக்கொள்கிறார்.

6

கண்டுபிடித்ததை அன்றைக்கே அண்ணனிடம் சொன்னாள்.

"இஞ்சின் சூடாகறதே இல்லைண்ணா, அதான். தூரம் போனா நன்னாக் குடுக்கும்."

"அதெல்லாம் கதை. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இதே வண்டியைத் தேடிண்டிருக்கார். ஞாயித்துக்கிழமை கூட்டிண்டு வரேன், பாக்கட்டும். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுட்டுக் கிளம்பறோம்."

"எனக்கு விக்கிற உத்தேசம் இல்லைண்ணா."

"சரி, இப்படிப் பண்ணு. சனிக்கிழமை எங்கேயாவது நிறுத்தாம ஓட்டிப் பாரு. பதினஞ்சு தாண்டித்துன்னா அவரை வேண்டாம்னு சொல்லிடறேன். நானும் எதுக்கு வீணா அலையணும்? அதுக்கப்புறம் வண்டியைப் பத்தி வாயே திறக்கலை. தாண்டலைன்னா குடுத்துடு. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். பந்தயம் தன் பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது எங்கே போவது? இது அவளுக்கு வந்த சங்கடம் இல்லை, எனக்கு வந்தது. ஆளைத் தூர தேசத்துக்கு அனுப்புவதென்றால் அங்கே யாராவது இருக்க வேண்டும். மேலுகோட்டைக்குப் போயேன், பூர்வீகம் அங்கேதானே, பெருமாளையும் சேவித்துவிட்டு வரலாம் என்றேன். "சந்நிதியில நாலு பேர், தனியாவா வந்தேன்னு கேப்பா. வேண்டாம்" என்றாள்.

சரி, உனக்கு ஒரு சிநேகிதியைத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். பெயர் ப்ரார்த்தனா. குண்டுலுபேட்டையில் பல் டாக்டர். காலேஜில் ஒரே பெஞ்ச். கதவைத் திறந்ததும் "ஏய், நீயா!" என்று கட்டிக்கொள்வாள். இரண்டு பக்கம் எழுதினேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. எழுதியதைப் படித்துப் பார்த்தால், அப்படி ஒரு சிநேகிதி இருந்திருந்தால் ஸுஷ்மா இத்தனை நாள் தயிருக்கும் வாழைப்பழத்துக்கும் தனித்தனியாகக் கார் எடுத்திருக்க மாட்டாள். இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். ஊரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

7

சனிக்கிழமை காலை ஸுஷ்மா குண்டுலுபேட்டைக்குக் கிளம்பினாள். அங்கே அவளுக்கு யாரும் இல்லை. போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ரிங் ரோட்டைத் தொடும்போதே நீல விளக்கு அணைந்துவிட்டது. நஞ்சன்கூடு தாண்டியதும் டேஷ்போர்டில் மைலேஜ் மீட்டர் பதிமூன்று காட்டியது. ரோடு காலியாக இருந்தது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். பதினான்கு. தன் வண்டி நல்ல வண்டி என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. "பாத்தியா, பாத்தியா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தாள்.

பேகூர் வந்தபோது அவள் வேறு யோசனையில் இருந்தாள். நாளைக்கு என்ன தளிகை பண்ணுவது? அண்ணாவுக்குப் பூசணிக்காய் மோர்க்குழம்பு என்றால் உயிர். கூட வருகிறவர் எப்படியோ, எதற்கும் புளியோதரையும் கிளறிவிடலாம். இரண்டு பேருக்குப் பரிமாறி எத்தனை காலமாயிற்று! மல்லிகைப்பூ மாதிரி சாதம் வடிக்க இன்னும் தனக்கு வருமோ என்று யோசித்தபடி மீட்டரைப் பார்த்தாள். பதினேழு.

அப்போதுதான் உறைத்தது. பதினஞ்சு தாண்டினால் அண்ணா வரமாட்டான். இனிமேல் சாயங்காலம் கூப்பிடவும் மாட்டான். வண்டியைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்றிருக்கிறான். வண்டியை விட்டால் அவனுக்கு அவளிடம் பேச வேறு விஷயம் கிடையாது.

கால் தானாக ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தது. எண் இறங்கட்டும் என்று. வண்டி சீறிக்கொண்டு போனதே தவிர, பதினேழு பதினேழாகவே நின்றது. நல்ல வண்டி. குண்டுலுபேட்டை வரும் வழியில் ஒரு டீக்கடைக்கு முன்னால் ஓரம் கட்டினாள். பதினெட்டு. ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அழுதாள். காரில் உட்கார்ந்து அழமாட்டாள் என்று மேலே நான் அடித்துச் சொல்லியிருந்தேன். என்ன செய்ய, அழுதாள்.

போன் அடித்தது. அண்ணா. வழக்கமாகச் சாயங்காலம்தான் கூப்பிடுவான். இன்றைக்கு அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"போயிண்டிருக்கியா? எவ்வளவு வருது?"

8

ஒன்று: "பதினெட்டுண்ணா" என்கிறாள். "அட, பரவாயில்லையே! ஜெயிச்சுட்டே கணே. சரி, அவரை வேண்டாம்னு சொல்லிடறேன், வெச்சுடறேன்" என்கிறான். கார் அவளுடையது. அவள் எடுத்த முடிவு சரிதான். திரும்பி வருகிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் போன் அடிப்பதில்லை—

இரண்டு: "பத்துகூட வரலைண்ணா" என்கிறாள். "நான் சொன்னேனா இல்லையா!" ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான், மோர்க்குழம்பை இரண்டாம் முறை போட்டுக்கொள்கிறான், வண்டிச் சாவியை அந்த ஆள் வாங்கிக்கொண்டு—

மூன்று. நீங்கள் இதைத்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "பதினெட்டு வருதுண்ணா. ஆனாலும் நீ வா." எவ்வளவு சுலபம்! நானும் எழுதிப் பார்த்தேன். 'ஆனாலும்' வரை வந்தாள், அதற்கு மேல் வாய் வரவில்லை. "எதுக்கு?" என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? அவன் கேட்பான். கெட்ட எண்ணத்தில் இல்லை, புரியாமல் கேட்பான். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

என்னிடம் விட்டால் இரண்டாவதை எழுதிவிடுவேன். கார் தொலைந்தால் தொலையட்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் மூன்று இலை போடட்டும் என்று. ஆனால் என் பேச்சைக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை. இந்த விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் இல்லை.

அதனால் போனை உங்களிடம் கொடுக்கிறேன். வாசுதேவ் இன்னும் வைக்கவில்லை.

"ஹலோ? ஸுஷ்மா? கேக்கறதா? எவ்வளவு வருதுன்னு கேட்டேனே."